நிலாவில் கல் பொறுக்கத் தெரிந்தவர்கள்

1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 பயணத்தில் ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் நிலாவின் டெகார்ட் மேட்டு நிலத்தில் இறங்கினார்கள். எரிமலைப் பாறைகள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த இடமே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. மேலிருந்து எடுத்த படங்களில் அங்கே இரண்டு வகை நிலம் தெரிந்தது. ஒன்று, தாழ்வான இடங்களில் தேங்கிப் படிந்தது போன்ற மழமழப்பான சமவெளி. இதற்குக் கெய்லி சமவெளி என்று பெயர். மற்றொன்று, அதையொட்டி எழும் சால் விழுந்த குன்றுகள். சமவெளி எரிமலைச் சாம்பலாகவோ ஓடித் தேங்கிய குழம்பாகவோ இருக்கலாம், குன்றுகள் கெட்டியான குழம்பு பிதுங்கி எழுந்தவையாக இருக்கலாம் என்பது அன்றைய நிலவியலாளர்களில் பெரும்பாலோரின் கணிப்பு. முதல் நடையிலேயே கைக்கு வந்த கற்கள் அந்தக் கணிப்போடு ஒத்துப்போகவில்லை. அவை பிரெக்சியா. அதாவது, விண்கல் மோதி நொறுங்கிய துண்டுகளும் பொடியும் உருகிய கண்ணாடியும் கலந்து இறுகிய பாறை. மூன்றாவது நடையில், அந்தப் பகுதியின் ஆழத்தைத் தோண்டிக் காட்டும் என்று நம்பியிருந்த நார்த் ரே பள்ளத்தின் விளிம்புவரை போய்ப் பார்த்தார்கள். சுமார் 1 கி.மீ. அகலமுள்ள பள்ளம் அது. அங்கே வீடளவு உயர்ந்து நின்ற பாறையும் பிரெக்சியாதான். மூன்று நடைகளில், இருபது மணி நேரத்துக்குச் சற்று அதிகமான உழைப்பில், ஏறக்குறைய 96 கிலோ கல்லும் மண்ணும் சேர்ந்தன. தேடிப்போன எரிமலை நிலம் அங்கே இல்லை.

இதைத் தோல்விக் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பயணம் கொண்டுவந்த விடையின் எடையைப் பாருங்கள். நிலாவின் மேட்டு நிலம் முழுக்க இதுபோன்ற வெளிறிய சமவெளிகள் சிதறிக் கிடக்கின்றன. டெகார்ட் கற்களுக்குப் பிறகு அவை அத்தனையையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. இம்பிரியம் போன்ற மாபெரும் வட்டக் குழிகளைத் தோண்டிய மோதல்களில் சிதறிய இடிபாடுகள் பரந்தோடித் தாழ்வுகளில் படிந்தவையே இந்தச் சமவெளிகள் என்ற விளக்கம் நிலைபெற்றது. யங்கும் டியூக்கும் அங்கே நின்றபோதே பிரெக்சியாவைப் பிரெக்சியா என்று சொன்னார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. எரிமலை நிலத்துக்குப் போகிறோம் என்று நம்பிய பயணத்துக்கான தயாரிப்பிலும், 1971 ஜூலையில் கனடாவின் சட்பரிக்கு அவர்களை அழைத்துச் சென்று மோதலால் உருவான பாறைகளைக் காட்டியிருந்தார்கள். நிலாவில் களப்பணிக்குத் திட்டமிடுவது பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவது இதிலிருந்தே தொடங்குகிறது. எந்த நிமிடம் எங்கே நிற்க வேண்டும் என்று வீரரைக் கட்டிப்போடும் அட்டவணை திட்டத்தின் சிறிய பகுதி. எந்தக் கருத்தைச் சோதிக்கப் போகிறோம், எந்தக் கல் கிடைத்தால் அது விழும் என்பதை அவர் கண்ணிலும் மனதிலும் ஏற்றி அனுப்புவதும், விழுந்த பிறகு வேறு பக்கம் திரும்ப அவருக்கு நேரம் கொடுப்பதுமே பெரிய பகுதி. அப்பல்லோவின் ஆறு இறக்கங்களும் இதற்குச் சான்று. சில நல்ல விதமாக, சில கெட்ட விதமாக.

முதலில் கையிருப்பு என்ன என்று பார்க்கலாம். ஆறு இறக்கங்களிலும் சேர்த்து வீரர்கள் கலத்துக்கு வெளியே நடமாடிய நேரம் சுமார் 80 மணி. கல்லூரியில் நிலவியல் படிக்கும் மாணவர் ஒரே களப்பயிற்சி முகாமில் இரண்டு வாரத்தில் இதைத் தாண்டிவிடுவார். அந்த 80 மணியும் முழுமையாகக் கல்லுக்குக் கிடைக்கவில்லை. கருவிகளை நிறுவுவது, கொடி நடுவது, ரோவரை இறக்கிப் பூட்டுவது எல்லாம் அதற்குள்தான். உடையோ, உள்ளே அழுத்தம் ஏற்றப்பட்டுப் புடைத்து நிற்பது. குனிய முடியாது, மண்டியிடுவது பெரும்பாடு. கையுறைக்குள் விரலை மடக்குவது காற்றடைத்த பந்தை ஓயாமல் பிசைவது போல. சில மணி நேரத்தில் முன்கை தசைகள் ஓய்ந்துவிடும். நீண்ட கைப்பிடி போட்ட இடுக்கியும் கரண்டியும் இல்லாமல் தரையில் கிடக்கும் ஒரு கல்லை எடுப்பதே கடினம்.

இதைவிடக் கடுமையான கட்டுப்பாடு ஒன்று உண்டு. வெளியே பேசப்படுவது குறைவு என்றாலும் திட்டத்தின் வடிவத்தையே தீர்மானித்தது அதுதான். ரோவர் நடுவழியில் நின்றுவிட்டால், மீதமிருக்கும் ஆக்சிஜனில் நடந்தே கலத்துக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவைத் தாண்டக் கூடாது. நேரம் ஆக ஆக ஆக்சிஜன் குறையும், எனவே அந்தத் தொலைவும் சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே ஒவ்வொரு நடையிலும் முதலில் மிகத் தொலைவான இடத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து படிப்படியாகக் கலத்தை நோக்கித் திரும்ப வேண்டும். பூமியில் எந்த நிலவியலாளரும் இப்படி வேலை செய்ய மாட்டார். பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, பாறைகளோடு கண் பழகி, கேள்வியைக் கூர்மையாக்கிக்கொண்டு பிறகே தூரத்துக்குப் போவார். நிலாவில், மிக முக்கியமான இடத்துக்குக் கண் இன்னும் பழகாத நேரத்தில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. உயிர்காக்கும் விதி இது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண்ணைப் பழக்கும் வேலையைப் பூமியிலேயே முடித்துவிட வேண்டும் என்ற கட்டாயத்தை இது உண்டாக்குகிறது.

எங்கே போவது என்பதற்கு நல்ல வழிகாட்டி பள்ளங்கள்தான். ஆழ்துளை போட முடியாத இடத்தில், விண்கல்லே போட்டுக் கொடுத்த துளை அது. மோதலில் தரை கிளம்பி வெளியே கவிழும்போது அடுக்குகள் தலைகீழாக விழும். மிக ஆழத்திலிருந்து வந்த பாறை விளிம்பில் நிற்கும், மேலாக இருந்தது தொலைவில் போய் விழும். அரிசோனாவின் மீட்டியர் கிரேட்டரில் இந்தக் கவிழ்ந்த மடிப்பை நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் தெளிவாகக் காட்டியிருந்தார். எனவே வெளியிலிருந்து விளிம்பை நோக்கி நடந்துகொண்டே வழியில் கற்களை எடுத்தால், நிலத்துக்குள் படிப்படியாக இறங்கியதற்குச் சமம். 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 குழுவினரான ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் சுமார் 340 மீட்டர் அகலமுள்ள கோன் பள்ளத்தை நோக்கிக் கைவண்டியை இழுத்துக்கொண்டு ஏறியது இந்தக் காரணத்துக்காகத்தான்.

அந்த ஏற்றம் தவறான திட்டமிடலுக்கு நல்ல பாடம். காற்றில்லாத நிலாவில் தொலைவு மங்காது. பத்து மீட்டரில் இருப்பதும் நூறு மீட்டரில் இருப்பதும் ஒரே கூர்மையோடு தெரியும். மரம், வீடு என்று அளவுக்கு வைத்துக்கொள்ள எதுவும் கிடையாது. கையில் வரைபடம் இருந்தும், அதில் குறித்த பள்ளம் எது, காலடியில் கிடக்கும் பள்ளம் எது என்று அவர்களால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. மேடு ஏறினால் இன்னொரு மேடு. ஷெப்பர்டின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தொட்டது. நேரம் தீர்ந்து திரும்பினார்கள். விளிம்பிலிருந்து அப்போது அவர்கள் நின்ற தொலைவு சுமார் 30 மீட்டர் மட்டுமே என்பதைப் பின்னாளில் நிலாவைச் சுற்றும் ஆய்வுக்கலம் எடுத்த படங்களில் தெரியும் காலடித் தடங்கள் உறுதி செய்தன. இந்த முப்பது மீட்டரைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என் கணக்கில் அது பெரிய இழப்பே இல்லை. விளிம்புக்கு அவ்வளவு அருகே கிடந்த கற்கள் ஆழத்திலிருந்து வந்தவைதான், அவற்றை எடுத்தும் வந்தார்கள். இழந்தது, விளிம்பைத் தொட்டே ஆக வேண்டும் என்ற பதற்றத்தில் வழியெல்லாம் நின்று பார்க்கத் தவறிய நேரம். இலக்கு ஒரு புள்ளியாகச் சுருங்கியதும் கேள்வி மறந்துபோயிற்று.

அதே 1971-இல், ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, அப்பல்லோ 15 இதற்கு நேர்மாறான காட்சியைத் தந்தது. நடுவில் நடந்தது பயிற்சி முறையின் மாற்றம். தொடக்க ஆண்டுகளில் வீரர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வகுப்பறைப் பாடமும் கனிமப் பெயர்களும்தான். இப்படிச் சலித்துப்போனவர்களைக் காப்பாற்றியவர் கால்டெக் கல்வி நிறுவனத்தின் நிலவியலாளர் லியோன் சில்வர். வீரராகத் தேர்வாகியிருந்த நிலவியலாளர் ஹாரிசன் ஷ்மிட் சொல்லி, 1969 செப்டம்பரில் அவர் ஒரு குழுவைக் கலிஃபோர்னியாவின் ஓரோகோபியா மலைக்கு அழைத்துப் போனார். அந்தக் குழுவில் பின்னாளில் டெகார்ட் மேட்டு நிலத்தில் இறங்கப்போகும் யங்கும் டியூக்கும் இருந்தார்கள். சில்வரின் முறை எளிமையானது. பெயரைக் கேட்காதே, பார்த்ததைச் சொல். நிறம் என்ன, மணிகள் எவ்வளவு பெரியவை, உடைந்த முகம் எப்படி இருக்கிறது, பக்கத்துக் கல்லிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? இந்த இடத்தைப் பார்த்தே இராத ஒருவருக்கு வானொலியில் சொல்லிப் புரியவை. பிறகு இந்த மலைச்சரிவின் கதையைச் சொல்ல ஐந்து கல் மட்டுமே எடுக்கலாம் என்றால் எவற்றை எடுப்பாய்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் களப்பணி முழுவதும் அடங்கியிருக்கிறது. அப்பல்லோ 15 குழுவினர் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஏறக்குறைய மாதம் ஒரு முறை இப்படிக் களத்துக்குப் போய்வந்தார்கள்.

ஒரு கல்லை எடுப்பது எப்படி நடந்தது என்று அருகே போய்ப் பார்த்தால் இந்தப் பயிற்சியின் அருமை தெரியும். முதலில் கல்லின் பக்கத்தில் முக்காலி ஒன்றை வைப்பார்கள். அதன் நடுவில் ஒரு கம்பி ஆடிக்கொண்டு செங்குத்தாகத் தொங்கும். கம்பி நிற்கும் திசை செங்குத்தைக் காட்டும், அதன் நிழல் சூரியன் இருக்கும் பக்கத்தைக் காட்டும், காலில் ஒட்டிய வண்ணப் பட்டை படத்தின் நிறத்தைச் சரிபார்க்க உதவும். மார்பில் பொருத்திய ஹாசல்பிளாட் கேமராவால் சூரியனை முதுகுப்பக்கம் வைத்து ஒரு படம், பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து நகர்ந்து இரண்டு படம், தொலைவிலுள்ள குன்றும் தெரியும்படி இன்னொரு படம். அதன் பிறகே இடுக்கி கல்லைத் தொடும். எண்ணிட்ட பையில் போட்டு, எண்ணை உரக்கச் சொல்லி, கல் கிடந்த வெற்றிடத்தை மறுபடியும் ஒரு படம். ஹூஸ்டனில் தனி அறையில் உட்கார்ந்திருக்கும் நிலவியலாளர்கள் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தக் கல்லின் எந்தப் பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது என்று சொல்ல முடிகிறது என்றால் இந்தச் சடங்கால்தான்.

1971 ஆகஸ்ட் 1 அன்று ஹாட்லி டெல்டா மலைச்சரிவிலுள்ள ஸ்பர் பள்ளத்தில் ஸ்காட்டும் இர்வினும் சின்ன வெள்ளைக் கல் ஒன்றைக் கண்டார்கள். புழுதிக் கட்டி ஒன்றின் மேல் எடுத்து வைத்தாற்போல இருந்தது. எடை 269 கிராம்தான். தூசு தட்டித் திருப்பியபோது பிளேஜியோகிளேஸ் படிகத்துக்கே உரிய இணைகோடுகள் பளிச்சிட்டன. அது அனார்த்தோசைட், நிலா உருவான காலத்துத் தோலின் துண்டு என்பதை அங்கேயே ஊகித்துவிட்டார்கள். வயது 400 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதே பயணத்தின் முதல் நடையில் நடந்த இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. திரும்பும் வழியில், அட்டவணையில் இல்லாத ஓரிடத்தில், துளைகள் நிறைந்த பசால்ட் கல் ஒன்று ஸ்காட்டின் கண்ணில் பட்டது. நிற்க அனுமதி கிடைக்காது என்று தெரியும். ரோவரின் இருக்கைப் பட்டையைச் சரிசெய்வதாகச் சொல்லி வண்டியை நிறுத்தினார். இர்வின் சுற்றுப்புறத்தை வர்ணித்து நேரம் கடத்த, இவர் இறங்கிப் படம் எடுத்துக் கல்லையும் எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள அருமையான கல். ரசிக்கத்தக்க கதைதான். ஆனால் தேர்ந்த ஒருவர் தன் வேலையைச் செய்யப் பொய் சொல்ல வேண்டியிருந்தது என்றால், கோளாறு அட்டவணையில் இருக்கிறது.

1972 டிசம்பரில் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் இறங்கிய அப்பல்லோ 17 இந்த வாதத்தின் உச்சம். இரண்டாம் நடையில், விதிப்படி, யூஜின் செர்னனும் ஷ்மிட்டும் முதலில் 7 கி.மீ.க்கு மேல் வண்டியோட்டித் தெற்கு மலையடிவாரத்துக்குப் போனார்கள். திரும்பும் வழியில் ஷார்ட்டி என்ற சிறு பள்ளத்தை அடைந்தபோது நேரம் இறுகிவிட்டிருந்தது. ஷ்மிட்டின் காலணி கிளறிய மண்ணில் ஆரஞ்சு நிறம். சாம்பல் நிறம் மட்டுமே கொண்ட உலகில் இதை நம்புவது கடினம். முகக்கவசத்தின் தங்கப் பூச்சு செய்யும் மாயமோ என்று அதைத் தூக்கிவிட்டும் பார்த்தார். ஆரஞ்சுதான். அரை மணிச் சொச்சத்தில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டி, பக்கங்களிலுள்ள சாம்பல் மண்ணையும் தனியே எடுத்து, நடுவில் மண் மாதிரி எடுக்கும் இரட்டைக் குழாயையும் அடித்து இறக்கினார்கள். அங்கேயே அவர்கள் முதலில் நினைத்தது தவறு. அண்மைக்காலத்தில் எரிமலை வாயு கசிந்த இடம் என்று ஐயுற்றார்கள். ஆய்வகத்தில் பார்த்தால், 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து நீரூற்றுப் போலப் பீய்ச்சிய எரிமலைக் குழம்பு துளித்துளியாக உறைந்த கண்ணாடி மணிகள் அவை. விளக்கம் பிழையாக இருந்தும் மாதிரி பிழையற்றதாக இருந்தது, ஏனென்றால் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்பல்லோ 15 கொண்டுவந்த பச்சைக் கண்ணாடி மணிகளிலும் இவற்றிலும் நீர் இருந்ததற்கான தடயத்தை 2008-இல் கண்டார்கள். 2011-இல் ஆரஞ்சு மணிகளுக்குள் சிறைப்பட்ட குழம்புத் துளிகளில் எதிர்பாராத அளவு நீர் இருப்பது தெரியவந்தது. முற்றிலும் வறண்டது என்று எழுதப்பட்ட நிலாவின் வரலாறு அந்த அரை மணியால் மாறியது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் இயந்திரங்களைப் பற்றியது. சோவியத் லூனா கலங்கள் மூன்று முறை மண் கொண்டுவந்தன. சீனாவின் சாங்கே 5 கலம் 2020-இல் 1,731 கிராமும், சாங்கே 6 கலம் 2024-இல் நிலாவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராமும் கொண்டுவந்தன. ஓர் உயிரையும் பணயம் வைக்காமல், சுமார் 200 கோடி ஆண்டு வயதுள்ள இளம் பசால்ட்டையும் மறுபக்கத்து எரிமலைப் பாறையையும் நம் கையில் கொடுத்தன. நம் சந்திரயான்-3 இன் பிரக்யான் 2023 ஆகஸ்டில் சுமார் 100 மீட்டர் ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணின் வேதியியலை அளந்தது. ஆதி நிலாவை மூடியிருந்த குழம்புக் கடல் என்ற கருத்துக்கு அந்த அளவீடுகள் தென்பகுதியிலிருந்து வலுச் சேர்த்தன. இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கேள்வி முன்கூட்டியே தெளிவாக இருந்தால் இயந்திரமே சிக்கனமானது. அந்தச் சமவெளியின் வயது என்ன என்று கேட்டு ஒரு கலத்தை அனுப்பலாம். கேள்வியே தவறாக இருக்கும்போதுதான் சிக்கல். லுனோகோட் 2 என்ற சோவியத் ஊர்தி 1973-இல் 39 கி.மீ. போக ஏறக்குறைய நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. செர்னனும் ஷ்மிட்டும் மூன்று நாளில் 22 மணி நேர வேலைக்குள் சுமார் 36 கி.மீ. வண்டியோட்டி, நின்று, தோண்டி, 110 கிலோ மாதிரியோடு திரும்பினார்கள். வேகம் இங்கே பெருமைக்காகச் சொல்லப்படவில்லை. ஒரு பிற்பகலுக்குள் கருத்தை மாற்றிக்கொண்டு அடுத்த இடத்தில் அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது என்பதற்காக.

இரண்டாம் வாதம் இன்னும் நுட்பமானது. கண் எதற்கு, மண்ணை அள்ளிக்கொண்டு வா, மற்றதை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என்பது. இதில் உண்மை நிறையவே உண்டு. அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணிலிருந்த வெள்ளைப் பொடித் துண்டுகளை வைத்தே, மேட்டு நிலம் முழுவதும் அனார்த்தோசைட்டாக இருக்கலாம், ஒரு காலத்தில் நிலாவே குழம்புக் கடலாக இருந்திருக்கலாம் என்று ஜான் வுட் 1970 தொடக்கத்தில் சொன்னார். அப்பல்லோ 15 முதல் கொண்டுபோன வாரியும் இதே நோக்கத்துக்குத்தான். கண்ணின் விருப்பு வெறுப்பு கலக்காமல் சிறு கற்களை வாரி எடுப்பது அதன் வேலை. ஆனால் வுட்டின் கருத்து இருந்ததால்தான் ஸ்காட் எதைத் தேட வேண்டும் என்று அறிந்திருந்தார். ஆய்வகம் கண்ணைத் தயார் செய்தது. ஒரு துண்டு எங்கிருந்து வந்தது என்பதையோ ஆய்வகம் தனியே சொல்லிவிட முடியாது. டாரஸ்-லிட்ரோவின் வடக்கு மலையில், உருண்டு வந்த தடம் சரிவில் அப்படியே பதிந்திருக்க, ஐந்து துண்டாக உடைந்து கிடந்தது ஒரு பெரும்பாறை. தடத்தைப் பார்த்ததால் அது மலையின் எந்த மட்டத்திலிருந்து வந்தது என்பது தெரிந்தது. அதற்குள் இரண்டு வகை பிரெக்சியா ஒன்றையொன்று தொடும் எல்லையை ஷ்மிட் கண்டுபிடித்து இருபுறமும் மாதிரி எடுத்தார். அள்ளிய மண்ணில் இந்த எல்லை இருக்காது.

மூன்றாவதாக, இன்று படங்கள் வெகுவாகத் தெளிந்துவிட்டன, இனி டெகார்ட் போல ஏமாற வழியில்லை என்கிறார்கள். 2009 முதல் நிலாவைச் சுற்றும் அமெரிக்கக் கலம் அரை மீட்டர் அளவுப் பொருளையும் படம் பிடிக்கிறது. கோன் பள்ளத்தில் வழி தவறியது போன்ற விபத்தை இது நிச்சயம் தவிர்க்கும். ஆனால் டெகார்ட் பிழை படத்தின் தெளிவைப் பற்றியது மட்டும் இல்லை. மழமழப்பான ஒரு சமவெளி சாம்பல் படிந்தும் உண்டாகலாம், இடிபாடு ஓடியும் உண்டாகலாம். இரண்டும் மேலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கூர்மையான படம் அந்த இரண்டையும் இன்னும் அழகாகக் காட்டும், அவ்வளவுதான். மேற்புறக் கனிமங்களைத் தொலைவிலிருந்து அளந்தாலும், கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கற்கள் கிளறிக் கலக்கிய மண்ணையே அளக்கிறோம். அடியில் கிடப்பது என்ன என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவோர் சொல்வதில்தான் எனக்கு முழு உடன்பாடு. திரும்பி நடக்கும் தொலைவு விதியில் ஒரு மீட்டர்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. நான் கேட்பது அந்த எல்லைக்கு உள்ளேயான சுதந்திரம். ஒரு நடையில் எழுதாமல் விட்ட அரை மணி இருந்தால், வீரர் எங்கே நிற்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆனால் எவ்வளவு தூரத்துக்குள், எவ்வளவு ஆக்சிஜனோடு நிற்பார் என்பது தெரியும். ஹூஸ்டன் அறையிலிருந்து வரும் உதவியையும் நான் மறுக்கவில்லை. அப்பல்லோ கொண்டுவந்த மிகப் பெரிய கல்லான 11.7 கிலோ எடையுள்ள ‘பிக் மியூலி’, களநிலவியல் குழுத் தலைவர் வில்லியம் மியூல்பர்கரின் பெயரைத் தாங்கியது. தொலைக்காட்சியில் பார்த்து எடுத்துவரச் சொன்னது அந்த அறைதான். நிலாவில் நிற்பவருக்கும் பூமியில் இருப்பவருக்கும் இடையே சமமான உரையாடல் நடக்கும்போது கிடைப்பது அது. வருங்காலத்தில் உயர்தரப் படமும் தடையற்ற தொடர்பும் வந்துவிட்டால், அறையிலிருப்பவர்கள் வீரரின் ஒவ்வொரு அடியையும் தாங்களே ஓட்ட ஆசைப்படுவார்கள். அந்த ஆசையை இப்போதே கட்டுக்குள் வைக்க வேண்டும்.

அடுத்து மனிதர்கள் போகவிருப்பது தென்துருவத்துக்கு. அங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து சில பாகைகளுக்கு மேல் ஏறாது. ஒரு சிறு மேட்டின் நிழலும் வெகுதூரம் நீளும். ஒரு பக்கம் கண் கூசும், மறுபக்கம் கும்மிருட்டு. பள்ளங்களின் அடியில் சூரியன் ஒருபோதும் எட்டாத, -200 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த இடங்கள் உண்டு. 2009-இல் கபேயஸ் பள்ளத்தில் ஒரு ராக்கெட் பகுதியை மோதவிட்டுக் கிளப்பிய புழுதியில் நீர் இருப்பது உறுதியானது. காலை வெயிலில் பழகிய அப்பல்லோ வீரர்களின் கண்கள் அங்கே உதவா. இதை உணர்ந்துதான் நாசா 2024 மே மாதத்தில் அரிசோனாவின் எரிமலை நிலத்தில், கேட் ரூபின்ஸ், ஆண்ட்ரே டக்ளஸ் இருவரையும் கொண்டு இருட்டில் ஒத்திகை நடத்தியது. ஹூஸ்டனில் அறிவியல் குழு அவர்களோடு தொடர்பில் இருந்தது. சரியான திசை.

இந்தியாவும் 2040-க்குள் நிலாவில் இந்தியரை இறக்குவது என்று இலக்கு வைத்திருக்கிறது. கல்லைப் பொறுத்தவரை நாம் வறியவர்கள் அல்ல. சந்திரயான் கலங்களைச் சோதிக்க நிலாமண் போன்ற பொடி தேவைப்பட்டபோது, இஸ்ரோ நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதிக்கு வந்தது. அங்குள்ள கால்சியம் மிகுந்த அனார்த்தோசைட், நிலா மேட்டு நிலத்துப் பாறைக்கு நெருங்கிய உறவு. மகாராஷ்டிரத்தின் லோனார், பசால்ட் நிலத்தில் விண்கல் தோண்டிய சுமார் 1.8 கி.மீ. அகலப் பள்ளம். மோதல் பசால்ட்டை எப்படி நொறுக்கி உருக்கிக் கவிழ்க்கும் என்று காட்ட உலகில் இதைப் போல வாய்ப்பான இடங்கள் மிகக் குறைவு. சித்தம்பூண்டியைப் பொடி எடுக்கும் இடமாக மட்டும் பார்க்காமல் பள்ளிக்கூடமாகப் பார்க்க வேண்டும். அப்பல்லோ வீரர்கள் முதன்முதலாகக் கிராண்ட் கேன்யனில் இறங்கிப் பாறை பார்த்தது 1964 மார்ச்சில், நிலாவில் இறங்குவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே. அப்படியும், ஓரோகோபியாவில் சில்வர் வந்துதான் அவர்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. நம் வீரர்களின் தேர்வுப் பட்டியலில் களநிலவியலாளர் ஒருவராவது இடம்பெற வேண்டும். மற்றவர்கள் கையில் சுத்தியலோடு சித்தம்பூண்டிக்கும் லோனாருக்கும் இப்போதிருந்தே போகத் தொடங்க வேண்டும்.